போக்கர் சிப்பில் நம் மலையை வரைவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழை பிடித்துக்கொண்டால் மலையில் பொழுது போவது வீட்டுக்குள்தான். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், பரிசுப்பொருள் செய்கிறவர்கள், விடுமுறைக்குக் கூடும் குடும்பங்கள் என்று பலரும் சொந்தப் படம் போட்ட போக்கர் சிப் (போக்கர் சீட்டாட்டத்தில் புள்ளிக் கணக்குக்கு வைக்கும் வட்ட வில்லை) செய்வது பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் ஹோம்ஸ்டேக்கு 300 சிப் செய்ய ஆசை. மலை ரயில், பாலம், தேயிலைத் தோட்டம், பின்னால் மலை, வீட்டின் பெயர் எல்லாம் வரும்படி தெரிந்த தம்பி ஒருவர் வரைந்து கொடுத்தார். செல்போனில் பார்க்க அவ்வளவு அழகு. மாதிரிக்கு ஸ்டிக்கர் அடித்துப் பார்த்தால் பச்சைக் கறை மாதிரி இருக்கிறது. படம் சரியில்லையா, அச்சு சரியில்லையா?
— வாசகி, குன்னூர்

இரண்டிலும் குறையில்லை, அளவில்தான் குறை. சிப்பின் விட்டம் 39 மி.மீ. நடுவில் ஒட்டும் ஸ்டிக்கர் பெரும்பாலும் 25 மி.மீ. பத்து ரூபாய் நாணயமே 27 மி.மீ. இருக்கிறது. செல்போனில் 7 செ.மீ. அகலத்தில் பார்த்த படம் ஸ்டிக்கரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். திரையில் அரை மில்லிமீட்டராகத் தெரிந்த தண்டவாளக் கோடு 0.18 மி.மீ. ஆகிவிடும். 0.25 மி.மீ.க்குக் கீழே போன கோட்டை டிஜிட்டல் அச்சு ஒழுங்காகப் பிடிக்காது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். இலை இலையாக வரைந்த தேயிலைத் தோட்டம் கறையானது இப்படித்தான்.

ஒரு சிப்பில் மூன்று விஷயங்களுக்குத்தான் இடம் உண்டு: எண், ஒரு படம், ஒரு பெயர். எண் முதலில். மேசையின் எதிர்ப்பக்கம் இருப்பவர் குனியாமல் படிக்க அது 7 முதல் 8 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் இடத்தில் 10 மி.மீ. அளவுக்கு ஒரு படம் அடங்கும். ரயிலை ஜன்னல் ஜன்னலாக வரையாமல் நீராவி எஞ்சினின் பக்கவாட்டு நிழலுருவை ஒரே நிறத்தில் நிரப்பச் சொல்லுங்கள். புகைபோக்கியும் சக்கரமும் தெரிந்தாலே போதும், ஊட்டி ரயில் என்று குழந்தையும் சொல்லும்.

எங்களுக்கு இன்னும் பிடித்த யோசனை ஒன்று உண்டு. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே ஓடும் பல்தண்டவாளம்தான் நம் ரயிலை மற்ற ரயில்களிலிருந்து பிரித்துக் காட்டுவது. அந்தப் பற்களையே ஸ்டிக்கரைச் சுற்றி, ஓரத்துக்கு வெளியேயும் ஓடும் ஒரு வளையமாக வைக்கலாம். 23 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 72 மி.மீ. அதில் 24 பற்கள் என்றால் பல்லுக்கு 1.5 மி.மீ., இடைவெளிக்கு 1.5 மி.மீ. என்று கச்சிதமாக வரும், அச்சிலும் தெளிவாக விழும். நிறத்துக்குப் பெட்டிகளின் நீலமும் க்ரீமும் இருக்கவே இருக்கின்றன.

பாலத்தையும் தோட்டத்தையும் விட மனமில்லை என்றால் அவற்றை மதிப்புவாரியாகப் பிரித்துக் கொடுங்கள்: 25-க்குத் தேயிலைக் கொழுந்து, 100-க்கு எஞ்சின், 500-க்குப் பாலம், 1,000-க்கு மலை. நான்கும் மேசையில் சேரும்போது தம்பி வரைந்த காட்சி முழுதாகிவிடும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் சாதாரணத் தாளில் சரியாக 100 சதவீத அளவில் பிரிண்ட் எடுத்து, வட்டமாக வெட்டி, மேசையில் வைத்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று இரவு விளக்கில் பாருங்கள். பிரிண்டரில் ‘ஃபிட் டு பேஜ்’ தேர்வு விழுந்திருந்தால் அளவு மாறிவிடும், ஆகவே தாளில் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

11.5 கிராம், 14 கிராம், செராமிக், களிமண் என்று பல வகை சொல்கிறார்கள். படம் போட எது ஏற்றது?
— வாசகர், கோத்தகிரி

எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 11.5, 14 கிராம் எல்லாம் பிளாஸ்டிக் சிப்புக்குள் வைத்த உலோகத் தகட்டால் கூடும் மொத்த எடை. படத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிளாஸ்டிக் சிப்பில் பார்க்க வேண்டியது நடுவில் ஸ்டிக்கருக்கான பள்ளம் இருக்கிறதா, அதன் விட்டம் என்ன, ஆழம் என்ன என்பவைதான். பள்ளமில்லாத சிப்பில் ஸ்டிக்கர் ஒட்டினால் அடுக்கும்போது ஒன்றோடொன்று உரசி ஓரம் கிளம்பும். பள்ளத்தைவிட ஸ்டிக்கர் தடிமனாக இருந்தாலும் வம்புதான். ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ. துருத்தினால் இரு பக்கமும் சேர்த்து 0.2; இருபது சிப் அடுக்கில் அது 4 மி.மீ. ஆகி, அடுக்கு ஆடத் தொடங்கும்.

செராமிக் என்று விற்பது பெயரளவில்தான் செராமிக், உண்மையில் அது கடினமான பாலிமர் பிசின். அதன் முகம் முழுவதும், விளிம்பிலும்கூட, படம் போடலாம். படத்தை ஒரு தாளில் அச்சிட்டு, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சிப்பின் மேல் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி பிசினுக்குள் இறங்கிவிடும். இதற்கு சப்ளிமேஷன் என்று பெயர். சாயம் உள்ளே போய்விடுவதால் நகத்தால் சுரண்டினாலும் போகாது. ஆனால் இறங்கும்போது கொஞ்சம் பரவும், ஆகவே கோட்டின் கனம் 0.3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது, சிப்பின் சொந்த வெள்ளைதான் உங்கள் வெள்ளை. தாளில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அடிப்பது அச்சகத்தாரின் வேலை. நீங்களும் திருப்பி அனுப்பினால் எழுத்து இடவலம் மாறிவிடும்.

களிமண் சிப்பில் படத்தகடு, சிப் உருவாகும்போதே அழுத்தி வைக்கப்படுகிறது. விளிம்பின் வண்ணப் பட்டைகளும் வேறு நிறக் கலவையை வெட்டிப் பதித்தவை. வீட்டிலோ உள்ளூர் அச்சகத்திலோ செய்யக்கூடியது அல்ல.

எங்கள் பரிந்துரை: முதல் முறை என்றால் பள்ளமுள்ள பிளாஸ்டிக் சிப்பும் ஸ்டிக்கரும். விருந்தினர் கையில் ஆண்டுக்கணக்கில் புழங்க வேண்டும் என்றால் செராமிக். தட்டையான சிப்பின் மேல் யு.வி. அச்சு போடுவதாகச் சொன்னால் யோசியுங்கள், மேலே படிந்து நிற்கும் மை அடுக்கும்போது தேயும்.

படக்கோப்பை எந்த அளவில், எந்த வடிவில் கொடுக்க வேண்டும்? அச்சகத்தில் ‘ப்ளீட் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
— கல்லூரி மாணவி, உதகை

வெட்டும் கத்தி ஒவ்வொரு முறையும் இம்மியளவு விலகும். படம் சரியாக வெட்டுக்கோட்டிலேயே முடிந்தால் ஓரத்தில் வெள்ளைப் பிறை தெரியும். அதற்காக வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் நிறத்தை நீட்டி விடுவதுதான் ப்ளீட்.

ஒரே மையத்தில் மூன்று வட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். செராமிக் சிப்புக்கு 45 மி.மீ. வரை பின்னணி நிறம், 39 மி.மீ. சிப்பின் ஓரம், 35 மி.மீ.க்குள் எழுத்தும் எண்ணும். 25 மி.மீ. ஸ்டிக்கருக்கு இதையே 29, 25, 22 என்று வையுங்கள். புகைப்படம் போன்ற படமானால் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) கொடுங்கள், 45 மி.மீ.க்கு அது 1,063 பிக்சல். 300 டி.பி.ஐ. என்பது 531 பிக்சல்தான். படம் தாங்கும், சிறு எழுத்தின் ஓரம் பிசிறும். முடிந்தவரை இன்க்ஸ்கேப், கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வெக்டர் (எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறாத கோடுகளாக வரையும்) மென்பொருளில் வரைந்து பி.டி.எஃப். ஆகக் கொடுப்பது நல்லது. ஃப்ளெக்ஸ் பேனருக்குச் செய்த கோப்பைச் சுருக்கித் தராதீர்கள், அது தூரத்தில் இருந்து பார்ப்பதற்கென்று குறைந்த தெளிவில் செய்தது.

வெட்டுக்கோட்டைத் தனி லேயரில், படத்தில் எங்கும் இல்லாத ஒரு நிறத்தில் வையுங்கள். படத்தோடு சேர்ந்து அச்சாகிவிட்ட வெட்டுக்கோடுதான் அச்சகங்களில் அடிக்கடி நடக்கும் தவறு. வாட்ஸப்பில் அனுப்பினால் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஃபோட்டோவாகப் போனால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

இன்னொன்று. ஓரத்தை ஒட்டி மெல்லிய வளையம் போட எல்லோருக்கும் ஆசை வரும், போடாதீர்கள். வெட்டு அரை மில்லிமீட்டர் விலகினாலும் வளையம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து கண்ணை உறுத்தும். வளையம் வேண்டுமென்றால் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளுங்கள், அல்லது 2 மி.மீ. கனமாக வைத்து ஓரத்துக்கு வெளியே ஓட விடுங்கள்.

குறிஞ்சிப்பூ வைத்து ஒரு செட் செய்தேன். திரையில் பூவின் நீலம் அப்படியே இருந்தது. அச்சில் கத்தரிக்காய் நிறமாக வந்துவிட்டது. மூன்று முறை மாற்றியும் சரியாகவில்லை.
— வாசகர், கொடைக்கானல்

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு மையால் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீல ஒளி சேர்ந்து உண்டாகும் அந்த ஒளிரும் நீல ஊதா, நான்கு மைகளின் கலவையில் எட்டவே எட்டாது. கோப்பு ஆர்.ஜி.பி.யில் (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) போனால் அச்சகத்தின் இயந்திரம் தனக்குத் தெரிந்தபடி மாற்றிக்கொள்ளும். நீலம் பெரும்பாலும் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு மை) பக்கம் சாய்ந்துவிடும்.

ஆகவே முதலிலேயே சி.எம்.ஒய்.கே.யில் (சயான் என்னும் பச்சை கலந்த நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மை முறை) நிறத்தை எண்களாகத் தீர்மானியுங்கள். நீலம் ஊதாவாகாமல் இருக்க சயானைவிட மெஜந்தா குறைந்தது 20 புள்ளியாவது கீழே இருக்க வேண்டும். குறிஞ்சிக்கு சயான் 70, மெஜந்தா 50, மஞ்சள் 0, கறுப்பு 0 என்று தொடங்கலாம். அதோடு விடாமல் ஒரு சோதனைத் தாள் போடுங்கள்: சயான் 60, 65, 70, 75 குறுக்கே, மெஜந்தா 40, 45, 50, 55 நெடுக்கே. பதினாறு கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் அதன் எண்கள். கடைசியில் எந்தத் தாளில், எந்த லேமினேஷனோடு அடிக்கப்போகிறீர்களோ அதிலேயே இதை அடித்து வாங்குங்கள். மேட் லேமினேஷன் போட்டால் நிறம் கொஞ்சம் அடங்கும் என்பதால் லேமினேஷன் இல்லாத மாதிரியை வைத்து முடிவு செய்தால் ஏமாற்றம்தான். பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, இரவு மஞ்சள் விளக்கில் ஒரு முறை பார்த்துக் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சிப் புழங்கப்போவது இரவு விளக்கில் என்பதால் இரண்டில் அதற்கே அதிக மதிப்பு கொடுங்கள்.

நிறத்தைக் கருமையாக்கக் கறுப்பு மை சேர்க்காதீர்கள், பூ அழுக்காகிவிடும். சயானையும் மெஜந்தாவையும் சேர்த்து உயர்த்துங்கள். பின்னணியிலும் உதவி இருக்கிறது. நீலப்பூவை வெள்ளையில் வைப்பதைவிட வெளிர் மஞ்சளில் வைத்தால் நீலம் இன்னும் நீலமாகத் தெரியும். சிறு எழுத்துகளுக்கு நான்கு மையும் சேர்ந்த கறுப்பைப் பயன்படுத்த வேண்டாம். ஒரு மை நூலிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும். கறுப்பு 100 மட்டும், மற்றவை 0.

செராமிக் சிப்புக்கு விதி வேறு. சப்ளிமேஷன் செய்பவர்கள் பலர் ஆர்.ஜி.பி. கோப்பையே கேட்பார்கள், எது வேண்டுமென்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயும் சோதனைச் சிப் ஒன்று அடித்துப் பார்க்காமல் முழு ஆர்டர் கொடுக்க வேண்டாம். குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது. 2018-க்குப் பிறகு இனி 2030-ல்தான். பூவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது, நல்ல புகைப்படத்தை மட்டும் நம்பி வேலை செய்கிறோம் என்பதையும் மனதில் வையுங்கள்.

சிப்பில் தமிழ் எழுத்து போட்டோம். ‘கோ’வில் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் சிதறிவிட்டது. தமிழ் எண்களும் போடலாமா?
— வாசகர், கூடலூர்

உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்த எழுத்து, அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் உடைந்திருக்கும், அல்லது அவர்களின் மென்பொருளில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் வசதி இயங்காமல் இருந்திருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடு எழுத்துருவில் திறந்தாலும் இதே கதி. மருந்து ஒன்றுதான்: கோப்பைக் கொடுக்கும் முன் எழுத்தை வடிவமாக மாற்றிவிடுங்கள். கோரல்டிராவில் ‘கன்வர்ட் டு கர்வ்ஸ்’, இன்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’, இல்லஸ்ட்ரேட்டரில் ‘க்ரியேட் அவுட்லைன்ஸ்’. மாற்றிய பிறகு எழுத்தைத் திருத்த முடியாது, அதனால் மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தைச் சுற்றிப் பெயர் எழுதும்போது எழுத்துகளை எண்ணாமல் வடிவங்களை எண்ணுங்கள். ‘உதகமண்டலம்’ எட்டு எழுத்து, எட்டு வடிவம். ‘கொடைக்கானல்’ ஆறே எழுத்துதான், ஆனால் கொம்பும் காலும் சேர்ந்து பத்து வடிவம். 21 மி.மீ. வட்டத்தின் மேல்பாதி 33 மி.மீ.; ஒரு வடிவத்துக்கு 3 மி.மீ. என்றால் பதினொன்றோடு இடம் முடிந்துவிடும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டி இழுத்தால் கொம்பு தன் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும், அதைச் செய்யாதீர்கள். சுழி அதிகமுள்ள தமிழ் எழுத்து 7 பாயிண்டுக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தானால் 8 பாயிண்டும் தடித்த எழுத்துருவும் வேண்டும்.

தமிழ் எண்கள் சிப்பில் மிக அழகாக அமையும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். பழைய முறைப்படி 25-ஐ ௨௰௫ என்றும் 500-ஐ ௫௱ என்றும் எழுதலாம். ஆனால் இன்று பலருக்கு ௧ ‘க’வாகவும் ௰ ‘ய’வாகவும்தான் தெரியும். ஆகவே நடுவில் வழக்கமான எண்ணைப் பெரிதாக வைத்து, தமிழ் எண்ணை மேலும் கீழும் அலங்காரமாக வையுங்கள். விளையாடும்போது கற்றுக்கொள்வார்கள்.

செராமிக் சிப்பின் முகத்தில் உள்ள வண்ணப் பட்டையும் விளிம்பில் உள்ள பட்டையும் ஒன்றோடொன்று சேரவில்லை. கணக்கு எங்கே பிசகியது?
— வாசகர், உதகை

முகத்தில் பட்டையை டிகிரியில் பிரிக்கிறோம், விளிம்பை நீளப்பட்டையாக மில்லிமீட்டரில் வரைகிறோம். இரண்டும் பொருந்த வேண்டும். 39 மி.மீ. சிப்பின் சுற்றளவு 122.5 மி.மீ. ஆறு பட்டை என்றால் 60 டிகிரிக்கு ஒன்று, விளிம்பில் 20.4 மி.மீ.க்கு ஒன்று. ஒவ்வொரு பட்டையும் 7 மி.மீ. அகலம் வேண்டுமானால் முகத்தில் அது 20.6 டிகிரி. விளிம்புப் பட்டையின் நீளத்தை 120 என்று முழு எண்ணாக்கிவிட்டால் கடைசிப் பட்டைக்குப் போவதற்குள் 2 மி.மீ.க்கு மேல் தள்ளிப்போயிருக்கும்.

கணக்கு சரியாக இருந்தாலும் முகமும் விளிம்பும் தனித்தனியாக அழுத்தப்படுவதால் அரை முதல் ஒரு மி.மீ. வரை விலகல் வரலாம். இரு முகங்களும்கூட ஒரே திசையில் நேராக நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதனால் 2 மி.மீ. அகலக் குட்டிப் பட்டைகளைத் தவிர்த்து 6 மி.மீ.க்கு மேல் வையுங்கள். அகலமான பட்டையில் சிறு விலகல் கண்ணுக்குப் படாது.

பட்டை வெறும் அலங்காரமும் அல்ல. அடுக்கி வைத்த சிப்பில் முகம் மறைந்துவிடும், தெரிவது விளிம்பு ஒன்றுதான். 100 மதிப்புச் சிப்புகளின் அடுக்கில் ஒரு 25 மதிப்புச் சிப் கலந்துவிட்டால் காட்டிக்கொடுப்பதும் அதுவே. கேசினோக்களில் கேமரா பார்த்து எண்ணுவதும் இதை வைத்துத்தான். ஆகவே நிறத்தோடு பட்டை எண்ணிக்கையையும் மதிப்புவாரியாக மாற்றுங்கள்: 25-க்கு நான்கு, 100-க்கு ஆறு, 500-க்கு எட்டு.

எங்கள் குழுவில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. மற்றவர்களுக்கும் மாலையில் நீலமும் கறுப்பும் குழம்புகிறது. எந்த நிறங்கள் நல்லது?
— வாசகர், வெலிங்டன்

அமெரிக்க கேசினோக்களில் 1 வெள்ளை, 5 சிவப்பு, 25 பச்சை, 100 கறுப்பு, 500 ஊதா என்பது பரவலான வழக்கம். பழகியவர்களுக்கு அது வசதி, உங்கள் மேசைக்கு அது கட்டாயமில்லை. நிறத்தைவிட வெளிச்ச வேறுபாடு முக்கியம். செட்டை முழுவதும் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரிண்ட் எடுங்கள். அதில் இரண்டு மதிப்புகள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் மாலையில் அவை குழம்பும். சிவப்பை அடர்த்தியாகவும் பச்சையை நன்றாக வெளுத்த தளிர்ப்பச்சையாகவும் வைத்தால் உங்கள் நண்பருக்குப் பெருமளவு தீர்ந்துவிடும். மேலே சொன்ன பட்டை எண்ணிக்கை மிச்சத்தைத் தீர்க்கும்.

நீலகிரிக்கே உரிய நிறவரிசை வேண்டுமென்றால் ஸ்னூக்கரைப் பாருங்கள். நெவில் சேம்பர்லெய்ன் வகுத்த அதன் விதிகள் 1882-ல் உதகை கிளப்பில்தான் மாட்டப்பட்டன. சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, ரோஸ் 6, கறுப்பு 7. போக்கருக்கு நான்கைந்து நிறம் போதும் என்பதால் சிவப்பு, மஞ்சள், நீலம், ரோஸ், கறுப்பு என்று எடுத்துக்கொண்டு பழுப்பையும் பச்சையையும் விட்டுவிடலாம், குழம்புபவை அவைதான்.

தோடர் எம்பிராய்டரி வடிவத்தைச் சிப்பில் போட்டு விற்கலாமா? அசோகச் சின்னம், ரூபாய் நோட்டு மாதிரி வடிவங்களையும் சிலர் கேட்கிறார்கள்.
— பரிசுப்பொருள் செய்பவர், கோத்தகிரி

பூத்துக்குளி என்னும் போர்வையில் தோடர் பெண்கள் நூலை எண்ணி எண்ணிச் செய்யும் அந்தக் கறுப்பு சிவப்பு வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சடித்த சிப்பைத் ‘தோடர் எம்பிராய்டரி’ என்று பெயரிட்டு விற்பது சரியல்ல. அவர்களின் வடிவம் வேண்டுமென்றால் அந்தப் பெண்களிடம் நேரில் கேட்டு, எந்த வடிவம் பொதுவில் போடக்கூடியது என்று அவர்கள் சொன்னபடி, உரிய பணம் கொடுத்துச் செய்யுங்கள். கேட்காமல் இணையத்திலிருந்து எடுத்துப் போடுவதை நாங்கள் ஏற்கவில்லை. வடிவமைப்பாகப் பார்த்தாலும் அது நேர்கோட்டுக் கட்டங்களால் ஆனது. வட்டத்தில் வளைத்தால் கட்டம் கோணலாகும். நடுவே குறுக்காக ஒரு பட்டையாக ஓட விடுவதே அழகு.

அசோகச் சின்னத்தை 2005-ஆம் ஆண்டின் தேசியச் சின்னச் சட்டம் தடுக்கிறது. ரூபாய் நோட்டைப் போலத் தோன்றும் அச்சு பாரதிய நியாய சன்ஹிதாவின் 182-ஆம் பிரிவில் வரும். இரண்டையும் மறுத்துவிடுங்கள். சிப்பில் ரூபாய்க் குறியும் வேண்டாம், எண் மட்டும் போதும். பணம் வைத்துச் சூதாட இடம் நடத்துவது தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஹோம்ஸ்டேயில் வைப்பவர்கள் புள்ளிக் கணக்கு ஆட்டமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

பரிசாகக் கட்டும்போது பிளாஸ்டிக் உறையை விட்டு அட்டைப்பெட்டியோ துணிப்பையோ கொடுங்கள். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே.

ஒட்டிய ஸ்டிக்கர்கள் இரண்டே மாதத்தில் ஓரம் கிளம்பிவிட்டன. கீழே கோயம்புத்தூரில் இதே ஸ்டிக்கர் ஒட்டிய நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை.
— வாசகி, குன்னூர்

குளிரும் ஈரமும்தான் வித்தியாசம். அழுத்தி ஒட்டும் பசை குளிரில் இறுகிக் கிடக்கும், சிப்பின் பரப்பில் பரவிப் பிடிக்காது. பொதுவாக 15 டிகிரிக்கு மேல் ஒட்ட வேண்டும், 20 இருந்தால் நல்லது. மார்கழிக் காலையில் மலையில் ஒட்டியது அன்றே தோற்ற வேலை. அதோடு, குளிர்ந்த அறையிலிருந்து சிப்பை எடுத்து வந்து அடுப்பு எரியும் அறையில் வைத்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். பசை அந்த ஈரத்தின் மேல்தான் உட்காருகிறது.

சிப்பையும் ஸ்டிக்கர் தாளையும் ஒட்டப்போகும் அறையிலேயே முந்தைய இரவு வைத்துவிடுங்கள். புதுச் சிப்பில் வார்ப்பு அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்காகத் தடவிய வழவழப்பு மிச்சமிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பள்ளத்தை மட்டும் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஒட்டிய பின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி விரலால் அழுத்துங்கள். இருபது இருபதாக அடுக்கி மேலே கனமான புத்தகம் வைத்து ஒரு நாள் விடுங்கள். மூன்று நாள் கழித்து விளையாட எடுத்தால் பசை முழுதாகப் பிடித்திருக்கும்.

ஸ்டிக்கரின் பொருளும் முக்கியம். காகித ஸ்டிக்கர் மலையின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். பாலியெஸ்டர் அல்லது வினைல் கேளுங்கள், ‘பர்மனன்ட்’ பசை என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்தது ஈரக் கை பட்டாலே கரையும். லேமினேஷன் மேட்டாக இருக்கட்டும். பளபளப்பில் விளக்கு எதிரொளித்து எண் மறையும். லேமினேஷன் போட்ட பிறகே வெட்ட வேண்டும். ஸ்டிக்கரின் விட்டம் பள்ளத்தைவிட அரை மி.மீ. குறைவாக இருக்கட்டும். பள்ளத்தின் அளவே இருந்தால் ஒரு பக்கம் சுவரில் ஏறி நிற்கும், கிளம்புவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

அழுக்கானால் ஈரத்துணியில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு போதும். ஒட்டிய பிறகு ஆல்கஹால், தின்னர் எதுவும் வேண்டாம். பெட்டிக்குள் பூஞ்சை வராமல் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும்.

பத்து பேர் ஆட எத்தனை சிப், எத்தனை ஸ்டிக்கர் தாள்?
— வாசகர், தாண்டிக்குடி

ஒருவருக்கு 5,000 புள்ளியில் தொடங்குங்கள்: 25 மதிப்புச் சிப் எட்டு, 100 எட்டு, 500 நான்கு, 1,000 இரண்டு. ஆளுக்கு 22, பத்துப் பேருக்கு 220. சிப் தீர்ந்து மறுபடி ஆட்டத்தில் நுழைபவர்களுக்கும் பெரிய சிப்பாக மாற்றிக் கொடுப்பதற்கும் சேர்த்து 300 என்றால் 80, 80, 60, 60, அதோடு 5,000 இருபது என்று பிரிக்கலாம். தேவைக்கு மேல் 25 மதிப்புச் சிப் அடிப்பதுதான் பலர் செய்யும் வீண் செலவு. ஆட்டம் முன்னேறினால் முதலில் மேசையை விட்டுப் போவது அதுதான்.

இரு முகத்துக்கும் 600 ஸ்டிக்கர். கோணலாக ஒட்டி வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 660. 12-க்கு 18 அங்குலத் தாளில் ஓரம் 10 மி.மீ. விட்டு, 29 மி.மீ.க்கு ஒன்றாக அடுக்கினால் 9 வரிசை, வரிசைக்கு 15, ஆக 135. ஐந்து தாளில் 675 கிடைக்கும். தாளில் ஒரு மதிப்பு என்று வைத்தால் 5,000-க்கு நிறைய மிஞ்சி 25-க்குப் பற்றாமல் போகும். 25-க்கும் 100-க்கும் தலா 176, 500-க்கும் 1,000-க்கும் தலா 132, 5,000-க்கு 44 என்று எண்ணிக் கலந்து அடுக்கச் சொல்லுங்கள். மேல்தாளை மட்டும் வெட்டி அடித்தாளை விடும் ‘ஹாஃப் கட்’ வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் 675 வட்டங்கள் உதிரியாக ஒரு கவரில் வந்து சேரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில் அடித்து வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து இன்னும் ஐம்பது என்று போனால் நிறம் ஒத்துப்போகாது, அடுக்கில் பழையதும் புதியதும் தனித்தனியாகத் தெரியும். மிஞ்சிய ஸ்டிக்கர்களை வெயில் படாமல், தட்டையாக, சிப் பெட்டியின் அடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.